ஏழாம் காம்பரா வாசல் கொடி

கண்வலிக்கொடியை வாசலில் நட்டு, பந்தல் போட்டு வளர்த்தவளை அதுவரை நான் பார்த்ததில்லை. காட்டோரத்திலும் மழைத் தண்ணீர் ஓடுகிற கான் கரையிலும் அது தானாகவே முளைக்கும். மழைக்காலத்தில் நெருப்புப் பிடித்த மாதிரிப் பூக்கும். பார்த்தால் கண்வலி வரும் என்று சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை மலைக்குப் போவோம். பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்கள் அதை நியங்கலா என்பார்கள். பூ அழகுதான், யார் இல்லையென்றது. ஆனால் மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு நஞ்சு. கண்டிக்கு அந்தப் பக்கம் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். அப்படிப்பட்ட கொடியைத்தான் ஏழாம் காம்பராப் பேச்சியம்மா முப்பத்திரண்டாம் வருஷம் புரட்டாசி மாதத்தில் தன் வாசலில் நட்டாள். அப்போது அவள் வயிற்றில் இரண்டு மாதப் பிள்ளை இருந்தது.

எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. எல்லாவற்றுக்கும் ஒரே தகரக் கூரை. நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரையைத் தொடாது. ஏழில் தாளிக்கிற மணம் எட்டுக்கு வரும். ஏழில் விழுகிற அடியும் எட்டுக்குக் கேட்கும். எட்டாம் காம்பரா என்னுடையது. என் பெயர் ராஜரத்தினம், தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறவன். என் பெண்சாதி நல்லம்மா கொழுந்து பறிக்கிறவள். நாங்கள் இருவரும் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு ஐந்து வருஷம் கேட்டோம்.

பேச்சியின் புருஷன் பழனியாண்டியும் என்னோடு கவ்வாத்து வெட்டுகிறவன்தான். வேலையில் சூரன். கத்தியை ஒரே இழுப்பில் இழுத்து, கட்டைவிரல் தடிப்புக் கிளையைப் பிசிறில்லாமல் வெட்டுவான். அதே கையால்தான் வீட்டிலும் வேலை பார்த்தான். முதல் பிள்ளை நாலு மாதத்தில் வயிற்றிலேயே போனது. குழம்பில் உப்புக் கூடிவிட்டதாம், உதைத்தான். இரண்டாவது ஆறு மாதத்தில், தைப்பொங்கலன்று போனது. அதற்கு என்ன காரணம் என்று அவனுக்கே நினைவில்லை. இரண்டாவதைச் சாக்கில் சுற்றி லயத்துக்குப் பின்னால் புதைத்தது நானும் அவனும்தான். குழி வெட்டும்போது அவன் விம்மி விம்மி அழுதான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இப்போது நினைத்தால் அந்த இரக்கத்துக்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது.

என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நானும் நல்லம்மாவை அடித்திருக்கிறேன். நாலு தடவையோ ஐந்து தடவையோ. எத்தனை என்று அவளுக்குத்தான் சரியாகத் தெரியும். பழனியாண்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சாது என்று நானே சொல்லிக்கொண்டேன். அவன் அடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குள் அப்படி ஒரு ஆறுதல் இருந்தது. வெட்கக்கேடான ஆறுதல்தான், ஆனால் இருந்தது.

பேச்சி கொடி நட்டதை முதலில் பார்த்தவள் நல்லம்மா. பேச்சி அதன் கிழங்குகளைப் பதினாலாம் நம்பர் மலைக்கு மேலே காட்டோரத்தில் தோண்டி, கொழுந்துக் கூடையின் அடியில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். வாசலில் நீளமாக மண்ணைக் கொத்தி, கிழங்குகளைக் குத்தி நிறுத்தாமல் படுக்க வைத்தாள். முனை ஒடிந்தால் முளைக்காது என்பதால், பச்சைப் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கிடத்தினாள். மேலே அடுப்புச் சாம்பலும் மண்ணும் போட்டு மூடி, கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளை, அந்த மிலாறுகளை ஊன்றிப் பந்தல் கட்டினாள்.

"ஏன்டி பேச்சி, இதப் போயி வாசல்ல வைக்கிற?" என்றாள் நல்லம்மா.

"இருக்கட்டும்க்கா."

"கேக்குறேன்னு கோவிச்சுக்காத. நீ திங்கவா வைக்கிற?"

பேச்சி கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். "நான் ஏங்கா திங்கணும்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த ஒரு பேச்சு அன்று மாலைக்குள் பன்னிரண்டு காம்பராவையும் சுற்றி வந்துவிட்டது. நல்லம்மா சொன்னதற்கு மேல் ஒவ்வொருத்தியும் ஒரு சொல் கூட்டினாள். பழனியாண்டி காதுக்குப் போகும்போது, "நான் ஏன் திங்கணும், திங்கிறவன் திங்கட்டும்" என்று பேச்சி சொன்னதாக ஆகியிருந்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் நினைத்தாளோ என்னவோ.

அன்றைக்கு அவன் சிரித்துவிட்டுப் படுத்துவிட்டான். முளைக்காத கொடிக்கு யார் பயப்படுவார்கள். ஐப்பசி மழையில் முதல் முளை தலையை நீட்டியபோதுதான் அவனுக்கு உறைத்தது. வேலை விட்டு வந்தவன் மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. முளையைப் பிடுங்கி எறிந்தான். பிறகு பேச்சியின் கூந்தலைப் பிடித்து இழுத்துவந்து அந்த மண்ணிலேயே முகத்தை அழுத்தினான்.

"எத்தன நட்ட? சொல்லு. எத்தன?"

"எண்ணல" என்றாள் பேச்சி, வாயில் மண்ணோடு.

அவள் வலது கையைத் தரையில் வைத்து, விரல்களின்மேல் குதிகாலால் ஏறி நின்று திருகினான். கொழுந்து பறிக்கிற விரல்கள். இரண்டு விரல் முறிந்த சத்தம் என் வாசலுக்குக் கேட்டது. மற்றக் கையால் அவள் வயிற்றைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். நாங்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்று பார்த்தோம். அடுத்த நாள் கங்காணி வந்து பழனியாண்டியைக் கண்டபடி ஏசினார். கொழுந்து குறைந்துபோகுமே என்றுதான் ஏசினார். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பத்து நாளில் இன்னும் நாலு முளை வந்தது. அவற்றையும் பிடுங்கினான். அவன் மலைக்குப் போன பிறகு வேறு இடத்தில் இரண்டு வந்தது. முறிந்த விரல்களில் மூங்கில் பத்தை கட்டிக்கொண்டு, அவள் இடக் கையால் அவற்றுக்குக் கழனித் தண்ணீர் ஊற்றினாள். பிடுங்கினால் கொடிதான் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கும். அது எங்கே, எத்தனை இருக்கிறது என்று நட்டவளுக்கு மட்டும்தான் தெரியும். அவன் பிடுங்கப் பிடுங்கக் கொடிமேல் இருந்த பயம் அவனுக்குக் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பிடுங்குவதையே விட்டுவிட்டான்.

கார்த்திகை பிறந்த வாரம் அவன் தவறணையில் மூக்கு முட்டக் குடித்துவிட்டு வந்து சோறு தின்றான். விடிவதற்குள் நாலு தடவை வாந்தியெடுத்தான். சாராய வாந்திதான், வாசல் முழுக்க அந்த நாற்றம்தான் வீசியது. ஆனால் அவன் பேச்சியைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, கழுத்தில் கவ்வாத்துக் கத்தியை வைத்து, என்ன கலந்தாய் என்று விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்றும் கலக்கவில்லை என்று அவள் சொன்னாள். அவன் நம்பவில்லை. அவளைக் கொல்லவும் துணிவில்லை.

பிறகு மூன்று நாள் பன்வில கடைத்தெருவில் மர்சூக் நானா கடையில் பாணும் வாழைப்பழமும் தின்றான். நானா சும்மா இருக்கிற ஆளா?

"என்ன பழனியாண்டி, ஊட்டுல அடுப்பு எரியல்லயா?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டார்.

"அவளுக்குக் கை முடியல நானா."

"கைய ஒடச்சது ஆரு, நானா?" என்றார் மர்சூக் நானா. கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவன் ஒரு வழக்கம் ஏற்படுத்தினான். பேச்சி சோறு போட்டுக் கொண்டுவர வேண்டும். அவன் தட்டிலிருந்தே அவன் கண்முன்னால் அவள் மூன்று வாய் தின்ன வேண்டும். கத்தி அவன் மடியில் இருக்கும். அவள் தின்ற பிறகு ஒரு சுருட்டுக் குடித்து முடிக்கும்வரை காத்திருப்பான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், மிச்சத்தை அவன் தின்பான்.

எங்கள் சனத்தில் புருஷன் தின்ற தட்டில்தான் பெண்சாதி தின்பாள். பெண்சாதியின் எச்சிலைப் புருஷன் தின்றான் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. பழனியாண்டி இரண்டு வேளையும் தின்றான். கூரையைத் தொடாத சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததை, இந்தப் பக்கத்திலிருந்து நான் ஒவ்வொரு நாளும் கேட்டேன். "தின்னு." "இன்னொரு வாய்." "முழுங்கினியா? வாயத் தொற."

ஆனால் அடி நின்றுபோனது. இன்றைக்கு அடித்தால் நாளைக்கு என்ன போடுவாளோ என்று பயம். கையை ஓங்குவான், வாசலில் காற்றுக்கு ஆடுகிற கொடியைப் பார்ப்பான், கை தானாக இறங்கும். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். மார்கழி முதல் வாரத்தில் கொடி பந்தலேறிப் பூத்தது. இலை நுனிகளே சுருண்டு மிலாறுகளைக் கட்டிப்பிடித்திருந்தன. பூ பிறக்கும்போது பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் ரத்தச் சிவப்பு. பேச்சியின் வயிறும் மேடு தட்டியது. போன இரண்டும் போன மாதங்களை இந்தப் பிள்ளை ஒவ்வொன்றாகத் தாண்டியது. ஆறு மாதம் முடிந்த அன்று அவள் கொடிக்குக் கற்பூரம் காட்டினாள். எல்லோரும் அவளைப் பைத்தியம் என்றார்கள். நல்லம்மா மட்டும் பந்தலுக்கு இன்னும் நாலு மிலாறு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். தை மாதம் சம்பள நாளன்று தவறணையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு நல்ல வெறி. பழனியாண்டி ஏதோ வீரம் பேசினான். நான் என் கோப்பையில் ஒரு மிடறு குடித்துவிட்டு அவன் முன்னால் வைத்து, "இந்தா, எச்சி. நீ எச்சிதான தின்னுவ" என்றேன். தவறணையே உருண்டு சிரித்தது. அன்றிலிருந்து அவனுக்கு எச்சில்தின்னி என்று பெயர் விழுந்தது. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போதுகூடப் பின்னாலிருந்து யாராவது முணுமுணுப்பார்கள். நான் பேச்சிக்காகப் பரிந்து பேசியதாக நினைத்துக்கொண்டேன். பேசிப் பேசி அவனைக் கொலைகாரனாக்குகிறேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மாசியில் வெயில் ஏறியதும் கொடி காய்ந்து சருகானது. அதன் குணம் அது. அடுத்த மழைக்குத்தான் எழும்பும். பழனியாண்டி ஒரு வாரம் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தான். எல்லோரிடமும் வலிய வந்து பேசினான். பேச்சே புதுசாக இருந்தது.

"இவளுக்கு மனசு சரியில்ல ரத்தினம். செத்துருவேன் செத்துருவேன்னு சொல்றா. வாசல்லேயே வெசத்த வச்சுக்கிட்டு இருக்கா. எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

எனக்கே கொஞ்சம் உருக்கமாக இருந்தது. லயத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் அதை நட்ட அன்றே, திங்கவா வைக்கிறாய் என்று நல்லம்மாவே கேட்டிருந்தாளே.

பங்குனி முதல் வாரம் பீலிக்கரையில் குளிக்கப் போனேன். பழனியாண்டி மூங்கில் பீலியிலிருந்து விழுகிற தண்ணீரில் எதையோ கழுவிக்கொண்டிருந்தான். ஏர்க்கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு. காய்ந்த கொடியின் அடியில் தோண்டியிருக்கிறான். என்னைக் கண்டதும் துண்டில் சுற்றினான்.

"எல்லாத்தையும் தோண்டி வீசிரப் போறேன். பிள்ள பொறக்குற வீடு" என்றான்.

வீசப்போகிற கிழங்கை எவனாவது கழுவுவானா? எனக்கு அது அப்போதே புரிந்தது. புரியாத மாதிரி உடம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சோறு தின்றுகொண்டே, "பழனியாண்டி கிழங்கு கழுவுறான்" என்று ஊர்க்கதை மாதிரிதான் நல்லம்மாவிடம் சொன்னேன். அவள் கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் போட்டாள். கைகூடக் கழுவாமல் எழுந்து ஏழாம் காம்பராவுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. லயம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். பத்து மணிக்கே பழனியாண்டி அடுப்புப் பற்றவைத்தான். கல்யாணம் முடித்து ஐந்து வருஷத்தில் அவன் அடுப்படிக்குப் போனதை யாரும் பார்த்ததில்லை. "எட்டு மாசக்காரி, ஒரு நாளாச்சும் உக்காந்து சாப்புடட்டும்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். கருவாட்டுக் குழம்பு. காரமும் புளியும் மூக்கைத் துளைத்தன. பகல் பன்னிரண்டு மணிக்குத் தட்டு நிறையச் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, அவள் கையில் கொடுத்தான்.

பேச்சி தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே உட்காரவில்லை. வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்து, பன்னிரண்டு வாசலுக்கும் தெரிகிற இடத்தில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். தட்டைத் தனக்கு எதிரில் வைத்தாள்.

"வாங்க" என்றாள். "நீங்க முதல்ல."

"என்னாடி?"

"நாலு மாசமா ரெண்டு வேளையும் நான் தின்னு காட்டினேன். ஒங்க சட்டம்தான. இன்னைக்கு ஆக்கினது நீங்க. மூணு வாய் தின்னு காட்டுங்க, அப்புறம் நான் தின்னுறேன்."

அவன் முகம் செத்துப்போனது. சுற்றிப் பார்த்தான்.  அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"வெளையாடுறியா? தின்னுடி" என்று பாய்ந்து அவள் பிடரியைப் பிடித்து முகத்தைத் தட்டை நோக்கி அழுத்தினான். அவள் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டாள். அவன் சோற்றை அள்ளி அவள் உதட்டில் வைத்துத் தேய்த்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. வாய் திறக்கவில்லை. இடுப்பிலிருந்த கத்தியை உருவி அவள் தொண்டையில் வைத்தான். அப்போது நல்லம்மா என்னைத் தள்ளிக்கொண்டு உலக்கையோடு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் ஐந்தாம் காம்பராக்காரி விறகுக்கட்டையோடு வந்தாள். பிறகு ஒன்பது, பதினொன்று. ஆறேழு பெண்கள் சத்தம் போடாமல் அவனைச் சுற்றி நின்றார்கள்.

"கத்திய எடு" என்றாள் நல்லம்மா. "கழுத்துல கோடு விழுந்தாக்கூட மண்ட ரெண்டாப் போயிரும்."

அவன் கத்தியை எடுத்தான். ஆண்களைப் பார்த்தான். எங்களிடம் ஏதோ எதிர்பார்த்தான். ஐந்து வருஷமாக நாங்கள் கொடுத்துவந்த அந்த மௌனத்தைத்தான் எதிர்பார்த்திருப்பான். எனக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது. என்மேலும்தான்.

"தின்னுடா" என்றேன். "பொண்டாட்டி எச்சியவே நாலு மாசம் தின்ன. ஓங் கையால ஆக்கினதத் திங்க ஒனக்கு என்னடா?"

யாரோ சிரித்தார்கள். எச்சில்தின்னி என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அவன் கண் சிவந்தது. தின்னாவிட்டால் கொலைகாரன். அதைவிட அந்தச் சிரிப்புத்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். தட்டைப் பிடுங்கி, நின்றபடியே ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய் அள்ளித் தின்றான். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே தின்றான். தட்டை வீசியெறிந்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கி ஓடினான். கானுக்குள் அவன் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது.

அது என்ன சோறு என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். யாரும் அவன் கையைத் தட்டிவிடவில்லை. ஓடிப்போய் மருந்துக்கார ஐயாவைக் கூட்டி வரவுமில்லை. நல்லம்மா சிந்தின சோற்றை மண்ணோடு கூட்டி அள்ளிக் குழியில் போட்டு மூடினாள், கோழி கொத்திவிடக் கூடாது என்று. கோழிக்குக் கிடைத்த இரக்கம் அவனுக்குக் கிடைக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அவன் திரும்பி வந்தான். நடை நன்றாகவே இருந்தது. சிரித்தான். "பாத்தீங்களாடா, பழனியாண்டி நிக்கிறான்" என்றான். வாந்தியெடுத்ததில் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிட்டான். அந்தக் கிழங்கு உடனே கொல்லாது, ஆளை அலையவிட்டுத்தான் கொல்லும். அது அவனுக்குத் தெரியவில்லை. ஐந்து மாதப் பயம் முழுவதும் அன்று மாலை அவனை விட்டுப் போயிருந்தது. வாசலில் நின்ற காய்ந்த பந்தலை ஒரே உதையில் சாய்த்தான். இஸ்தோப்பில் இருந்த பேச்சியைக் காலைப் பிடித்து இழுத்து மல்லாத்தினான். "இதுவும் பொறக்காதுடி" என்று சொல்லிக்கொண்டு வலது காலைத் தூக்கினான்.

நல்லம்மாவின் உலக்கை அவன் நின்ற கால் முழங்காலில் இறங்கியது. எலும்பு நொறுங்கியது எல்லோருக்கும் கேட்டது. விழுந்தவனை அவள் மறுபடியும் அடித்தாள், தோளில், விலாவில். நான்தான் போய் உலக்கையைப் பிடித்தேன். ஐந்து வருஷத்தில் அந்தச் சுவரைத் தாண்டிப் போய் நான் நிறுத்திய ஒரே அடி, அவனுக்கு விழுந்த அடிதான். அப்படியே கிடந்தவன் காலைப் பிடிப்பதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்தான். பிறகு வயிறும் குடலும் ஒன்றாகக் கலங்கிக் கத்த ஆரம்பித்தான்.

விடிந்ததும் கம்பளியில் தூளி கட்டித் தெருவுக்குச் சுமந்துபோய், வத்துகாமம் வழியாக பஸ்ஸில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே போனான். கொடுத்த தண்ணீர் எதுவும் உள்ளே தங்கவில்லை. மூன்றாம் நாள் செத்தான்.

பொலிஸ் வந்தது. தோட்டத்துக் கிளாக்கர் மொழிபெயர்க்க, பொலிஸ்கார ராலாமி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். கொடி நட்டது யார் என்று கேட்டார். பேச்சியம்மா, நான்தான் என்றாள். ராலாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஒரு பதிலோடு விட்டிருந்தால் அவள் கையில் விலங்கு விழுந்திருக்கும். பிள்ளை சிறைக்குள் பிறந்திருக்கும்.

"சமைச்சது யாரு?" என்று கிளாக்கர் கேட்டார்.

"அவன்தான்" என்றோம். பன்னிரண்டு காம்பராவும் அதையே சொன்னது.

"அந்தக் கெழங்கு அவன் கையில இருந்தத யாராச்சும் பாத்தீங்களா?"

"நான் பாத்தேன். பீலிக்கரையில கழுவினான்" என்றேன். அந்த ஐந்து வருஷத்தில் அவளுக்காக நான் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அது.

"தெரிஞ்சும் ஏன் தின்னான்? யாரு திங்கச் சொன்னது?"

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. "யாரும் சொல்லலீங்க" என்றாள் நல்லம்மா. "குடிவெறி. கானுக்குள்ள விழுந்து காலையும் ஒடச்சுக்கிட்டான். எந்தச் சட்டி எதுன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்காது." கிளாக்கர் அதையே எழுதிக்கொடுத்தார்.

அந்தக் கொடியை ஒரு கிழங்கு விடாமல் தோண்டி எரிக்க வேண்டும் என்று தோட்டத்துத் துரை உத்தரவு போட்டார். ஆண்கள் தயங்கி நின்றார்கள். பெண்கள் தாங்களாகவே முன்னால் வந்து, கூடை எடுத்துக்கொண்டு வந்து தோண்டினார்கள். தாய்க்கிழங்குகள் சப்பிப்போயிருந்தன. பக்கத்தில் புதுசு புதுசாக இரண்டிரண்டு இருந்தன. இத்தனை சுறுசுறுப்பாக அவர்கள் கொழுந்துகூடப் பறித்ததில்லை. நெருப்பில் விழுந்தது எத்தனை என்று யாரும் எண்ணவில்லை.

சித்திரையில் பேச்சிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நல்ல சத்தம். கூரையைத் தொடாத சுவருக்கு மேலாக அந்த அழுகை எங்கள் காம்பராவுக்குள் வந்து விழும். எனக்குத் தூக்கம் கெடும், ஆனால் ஒரு நாளும் முனகியதில்லை.

அடுத்த ஐப்பசியில் மழை விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் காம்பரா வாசலில் ஒரு முளை நின்றது. ஒன்பதில் ஒன்று. பதினொன்றில் இரண்டு. ஏழில் ஒன்றுமில்லை. பிறகு குனிந்து என் காலடியைப் பார்த்தேன். என் வாசலில், படிக்குப் பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு முளை இருந்தது. அதைச் சுற்றிச் சாம்பல் போட்டிருந்தது. ஏறுவதற்கு ஒரு மிலாறும் ஊன்றியிருந்தது.

நான் அதைப் பிடுங்கவில்லை. எத்தனை நட்டாய் என்று கேட்கவுமில்லை.

மத்தியானம் நல்லம்மா சோறு போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, வழக்கம்போல அடுப்படியில் போய் நின்றாள்.

"நீயும் போட்டுக்கிட்டு வா. ஒண்ணா உக்காந்து சாப்புடுவோம்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை, சிரிப்புமில்லை. ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னாங்க, நான் முதல்ல தின்னு காட்டணுமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். சோற்றைப் பிசைந்து முதல் வாயை எடுத்து வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.